ஒன்றை அழுத்தவும்

எடமலைப்பட்டி புதூரில் இருதயமேரி ஒரு தெருவுக்குள் நுழைந்தால் நாலு வீட்டில் பீரோ திறக்கும் சத்தம் கேட்கும். அவள் போலீசும் இல்லை, வட்டிக்குக் கொடுத்தவளும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் இருக்கும் ஓர் அறக்கட்டளையின் களப்பணியாளர், அவ்வளவுதான். பேரைச் சொன்னால் நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும், அதனால் அறக்கட்டளை என்றே வைத்துக்கொள்வோம். சர்க்கரை நோயாளிகளின் வீட்டுக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை போய், கொடுத்த மாத்திரையைப் போடுகிறார்களா என்று பார்ப்பது அவள் வேலை.

ஐம்பத்திரண்டு வயது. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர். புருஷன் ஆசீர் துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டர். பாலக்கரையில் சொந்த வீடு என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஒரு வீடு. பிளஸ் டூ முடித்தவள். ஸ்கேன் சென்டரில் பேர் கூப்பிட்டிருக்கிறாள், பல் டாக்டரிடம் சாமான் கழுவியிருக்கிறாள், நர்சரி ஸ்கூலில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்திருக்கிறாள். எல்லா இடத்திலும் ஒரே புகார்தான் வந்தது. அதிகமாகக் கேள்வி கேட்கிறாள் என்றார்கள். கேள்வி கேட்பதற்கே சம்பளம் தருகிறோம் என்று அறக்கட்டளை சொன்னபோது அவளுக்கு நம்பவே முடியவில்லை.

ஆனால் கேள்வியை அவர்களே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். 'கடந்த இரண்டு வாரங்களில் மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டீர்களா? ஆம் / இல்லை.' முதல் சுற்றில் நாற்பது வீடு போனாள், நாற்பதும் ஆம். வீடு தேடி வந்தவளுக்கு ஒரு டம்ளர் மோரும் ஒரு ஆமும் கொடுத்து அனுப்புவது இந்த ஊர் மரியாதை. இல்லை என்று சொல்லி யார் மனசை நோகடிப்பார்கள்? மோரைக் குடித்துவிட்டு நாற்பது 'ஆம்' எழுதிக்கொண்டு வந்தவளுக்கு அன்றைக்கு முழுக்க ஆத்திரமாக வந்தது.

அடுத்த சுற்றில் அச்சடித்த கேள்வியைக் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கையை நீட்டினாள். "காலி அட்டையை எடுத்துட்டு வாங்க."

பீரோ சத்தம் அப்போது ஆரம்பித்ததுதான். மாத்திரை தீர்ந்துபோன அட்டைகளை எண்ணிப் பார்த்துத்தான் அவள் குறித்துக்கொள்வாள். தொட்டியத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து வாழைப்பழம் விற்கும் பாப்பாயி, அவள் வரப்போகிறாள் என்று தெரிந்து எல்லா மாத்திரையையும் பிதுக்கி எடுத்துவிட்டு, காலி அட்டையை மட்டும் முகம் கொள்ளாத சிரிப்போடு நீட்டினாள். இருதயமேரி அட்டையை எண்ணினாள். பிறகு கொல்லைப்பக்கம் போய்ச் சாக்கடையை எட்டிப் பார்த்தாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பதினெட்டு வெள்ளை மாத்திரைகள் ஊறிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து பாப்பாயி மாத்திரையை வாயில்தான் போட்டாள். சாக்கடை வரைக்கும் வந்து பார்க்கிறவளிடம் வேறு என்ன செய்வது?

அதே தெருவில் கடைசி வீடு நல்லுசாமி. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், அறுபத்தொன்பது வயது. மகனும் மருமகள் பவித்ராவும் கூட இருந்தார்கள். இவரிடம் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு அட்டையிலும் தேதி எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு, டிக்கெட் கட்டு மாதிரி வைத்திருப்பார். ஒரு நாள் ஒரு மாத்திரை தவறிவிட்டால் அதையும் அவரே சொல்வார். முப்பது வருஷத்தில் ஒரு டிக்கெட் குறைந்ததில்லை என்பது அவருடைய ஒரே பெருமை, அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மருமகளை அலுக்கவைப்பது அவருடைய ஒரே பொழுதுபோக்கு.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு மட்டும் அவர் யார் சொன்னாலும் கேட்க மாட்டார். முதல் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீரங்கம் போய் சொர்க்கவாசல் வழியே வந்தாக வேண்டும். மறுநாள் காலை வரை வெறும் தண்ணீர்தான். அவர் போடும் மாத்திரையோ, வயிற்றில் ஒன்றும் இல்லாமல் போட்டால் சர்க்கரையைக் கிடுகிடுவென்று இறக்கி ஆளையே சாய்த்துவிடும். மாத்திரை தனியாக நல்லதுதான், விரதம் தனியாக அவர் இஷ்டம். இரண்டும் ஒரே நாளில் கூடினால் வினை. முதல் வருஷம் ஏகாதசிக்கு முந்தைய நாள் போயிருந்தபோது பேச்சோடு பேச்சாக இது இருதயமேரிக்குத் தெரியவந்தது. அங்கேயே நின்று டாக்டருக்கு போன் போட்டாள். நாளைக்கு மாத்திரை வேண்டாம், நாளை மறுநாள் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் போதும் என்றார் டாக்டர். அதைக் கொட்டை எழுத்தில் எழுதி மாத்திரை டப்பாவின் மேல் ஒட்டிவிட்டு வந்தாள். அடுத்த வருஷமும் அப்படியே செய்தாள். அச்சடித்த கேள்வித்தாளில் இதற்கு இடமே கிடையாது.

டாக்டர் என்றால் டாக்டர் பீமராவ். அறக்கட்டளையின் இயக்குநர். ஸ்ரீரங்கத்திலேயே மூன்று தலைமுறை. ஏகாதசிக்கு ஏகாதசி அவரும் பட்டினி. வெள்ளைச் சட்டையில் கசங்கல் விழாதவர், நாலு வரியில் முடியும் விஷயத்தை நாற்பது சிலைடில் சொல்லக் கூடியவர். இந்த வீட்டு வருகை உண்மையில் பலன் தருகிறதா என்று நிரூபித்தால்தான் இன்னும் மூன்று வருஷத்துக்கு நிதி வரும் என்று டெல்லியிலிருந்து கடிதம் வந்திருந்தது. வராவிட்டால் ஜூன் முப்பதோடு வருகை நிற்கும். இருதயமேரியோடு சேர்த்து ஆறு பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நிரூபிப்பதற்கு ஏற்பாடெல்லாம் முறையாகத்தான் செய்திருந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள். சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு மாத்திரையும் வருகையும், மீதிப் பாதிக்கு மாத்திரை மட்டும். ஒன்றரை வருஷம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பெண்கள் போய் வந்த வீடுகளில் சர்க்கரை நன்றாகவே குறைந்திருந்தது. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அறக்கட்டளையில் புள்ளியியல் நிபுணர் ஒருவன் இருந்தான்.

அவன் பேர் கலையரசன். துவாக்குடியில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு, பாதியில் நிற்கும் ஆராய்ச்சிப் பட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவன். கெட்டவன் இல்லை. கையில் இருக்கிற தகவலையெல்லாம் கணக்கில் போட்டால்தான் கணக்கு சுத்தம் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வயதைப் போட்டான், எடையைப் போட்டான், படிப்பைப் போட்டான். கடைசியில், மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா இல்லையா என்பதையும் தூக்கிப் போட்டான். போட்ட மாத்திரத்தில் வருகையின் பலன் பூஜ்யமாகிவிட்டது. கம்ப்யூட்டரே சொன்ன பிறகு மனுஷன் என்ன சொல்ல முடியும்? அதை அப்படியே கொண்டுவந்து கூட்டத்தில் வைத்தான்.

"மாத்திரை ஒழுங்கா போடுறவங்களை மட்டும் எடுத்துக்கிட்டா, நாம வீட்டுக்குப் போனவங்களுக்கும் போகாதவங்களுக்கும் சர்க்கரை ஒரே அளவுதான் சார். போடாதவங்களை மட்டும் எடுத்துக்கிட்டாலும் அப்படித்தான். ஆக, வருகையால பலன் எதுவும் இல்லை."

டாக்டர் தலையாட்டினார். கணக்குப் பிரிவில் இருந்த இருவரும் தலையாட்டினார்கள். ஏ.சி. அறையில் உட்கார்ந்தால் தலை தானாகவே ஆடும் போலிருக்கிறது.

கடைசி வரிசையிலிருந்து இருதயமேரி எழுந்தாள். "தம்பி, அந்த மாத்திரையை அவங்களை ஒழுங்கா போட வச்சது யாரு?"

"அது வேற கேள்விம்மா."

"வேற கேள்வி இல்லைங்க, அதுதான் கேள்வி. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தவங்களை மட்டும் வரிசையா நிறுத்தி வச்சுக்கிட்டு, பஸ்ல வந்தவனும் இங்கதான் நிக்கிறான், நடந்து வந்தவனும் இங்கதான் நிக்கிறான், அதனால பஸ்ஸால பிரயோஜனம் இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு. வந்து சேராம பாதி வழியில உட்கார்ந்திருக்கிறவனை யாரு எண்ணுறது?"

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். "மேரிம்மா, இது சயின்ஸ். உட்காருங்க," என்றார் டாக்டர். அவள் உட்கார்ந்தாள். ஆனால் கலையரசனின் முகம் கறுத்துவிட்டதை அவள் கவனித்தாள். அவனுக்கு உறைத்திருக்கிறது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் திருப்திதான்.

ஐந்தாம் நாள் அவன் பாலக்கரை வீட்டுக்கே வந்துவிட்டான். தாடி வளர்ந்திருந்தது. ஒரு பேப்பரை எடுத்து விரித்தான். மூன்று வட்டம், இரண்டு அம்புக்குறி. வருகை, மாத்திரை, சர்க்கரை.

"நீங்க சொன்னதுதான் சரிம்மா. வருகை மாத்திரையைப் போட வைக்குது, மாத்திரை சர்க்கரையைக் குறைக்குது. நடுவுல இருக்கிறதைப் பிடிச்சு நிறுத்தி வச்சுட்டு, இது அங்க போய்ச் சேரலையேன்னு நான் சொல்லிட்டேன். முழுசாப் பார்த்தா வருகைக்குப் பெரிய பலன் இருக்கு. அத்தனையும் மாத்திரை வழியாத்தான் போகுது. திருத்தி எழுதிட்டேன்."

பட்டறையிலிருந்து வந்து குளித்துவிட்டு நின்ற ஆசீர் அந்தப் படத்தை எட்டிப் பார்த்தான். "இந்த மூணு வட்டத்துக்காகவா தம்பி நாலு நாளு?"

கலையரசன் சிரிக்கவில்லை. இருதயமேரி அவனுக்குத் தோசை சுட்டுப் போட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துப் போட்ட தோசை, ஏழு சாப்பிட்டான்.

அடுத்த கூட்டத்தில் டாக்டர் பீமராவ் அந்த மூன்று வட்டத்தைத் திரையில் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவு சந்தோஷத்தை அவர் முகத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

"அருமை. அப்போ பலன் அத்தனையும் மாத்திரை வழியாத்தான். வருகைக்குன்னு தனியா நேரடிப் பலன் ஒண்ணும் இல்லை. சரிதானே?"

"ஆமாங்க சார், ஆனா..."

"அப்போ நமக்கு வேண்டியது மாத்திரை உள்ளே போறது. அதை ஆள் போய்ச் சொன்னா என்ன, போன் சொன்னா என்ன? தினமும் காலையில ஒரு ரெக்கார்டட் கால். நானூறு பேருக்கும் போகும். டெல்லியில இதைக் கேட்டா குதிப்பாங்க."

கலையரசன் எழுந்தான். "சார், ஆள் போனதால மாத்திரை போட்டாங்கன்னுதான் நம்மகிட்ட தகவல் இருக்கு. போன் போனாலும் போடுவாங்கன்னு இல்லை." டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். கலையரசனின் ஒப்பந்தமும் ஜூன் முப்பதோடுதான் முடிகிறது. "ஆனா... மாடல்படி பார்த்தா பண்ணலாம் சார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். ஏழு தோசையும் வீண்.

இருதயமேரி விடவில்லை. "ஏகாதசிக்கு என்ன பண்ணுவீங்க சார்? விரதம் இருக்கிறவங்களுக்கு அன்னிக்கு மாத்திரையே போடக் கூடாதே. அதை போன் எப்படிச் சொல்லும்?"

டாக்டர் கலையரசனைப் பார்த்தார். கலையரசன் லேப்டாப்பைப் பார்த்தான். "அதையும் பார்த்தேன்மா. விரதம் இருக்கிறவங்ககிட்ட வருகையோட பலன் வேற மாதிரி இருக்கு. நீங்க போகாத வீடுகள்ல மூணு பேர் அன்னிக்கு மயங்கி விழுந்திருக்காங்க, போன வீடுகள்ல யாரும் இல்லை. ஆனா விரதக்காரங்க மொத்தமே இருபத்தி மூணு பேர். இவ்வளவு கம்மியான ஆளை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. அதனால அறிக்கையிலேருந்து எடுத்துட்டேன்."

"எதைத் தம்பி எடுத்தீங்க? விழுந்த மூணு பேரையா?"

"அந்த வரியை மட்டும்தான்மா."

மறுநாள் ஏகாதசி. டாக்டர் வீட்டுச் சமையல்காரருக்கு லீவு சொல்லியாகிவிட்டது. அப்படிப்பட்டவர் ஏகாதசியைப் பற்றிய கேள்விக்கு, "சராசரியா பார்த்தா பாதிப்பு இருக்காது," என்று பதில் சொல்லிவிட்டுக் கூட்டத்தை முடித்தார். பத்துப் பேருக்கு நல்லது நடந்தால் ஒருவன் சாவதையும் சேர்த்துப் போட்டு வகுத்து, சராசரியாக நல்லது என்று எழுதிவிடலாம். படித்தவர்களுக்கு அது ஒரு வசதி.

வருகை நின்றது. ஆனால் இருதயமேரியை அவர்கள் முழுசாக விட்டுவிடவில்லை. ஜனங்களுக்கு அவள் குரல்தான் பழக்கம் என்பதால் அதை மட்டும் கேட்டார்கள். தில்லை நகரில் ஒரு சின்ன அறையில் காதில் எதையோ மாட்டிவிட்டு அரை நாள் பேசவைத்தார்கள். "வணக்கம், மேரியம்மா பேசுறேன். இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா? போட்டிருந்தால் ஒன்றை அழுத்தவும். போடவில்லை என்றால் இரண்டை அழுத்தவும்." இரண்டை அழுத்தினால் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் போன் வரும். மூன்று முறை இரண்டை அழுத்தினால் டாக்டரே லைனில் வருவார். எல்லாவற்றுக்கும் ஏற்பாடு இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது.

பேசி முடித்ததும் ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள். ஆய்வு தொடர்கிறது, ஆகவே நோயாளிகளை நேரிலோ போனிலோ தொடர்புகொள்ள மாட்டேன், தொடர்புகொண்டால் முடிவுகள் கெட்டுவிடும் என்று அதில் இருந்தது. இரண்டு வருஷம் அவர்கள் வீட்டுச் சாக்கடை வரை பார்த்தவள் இனி அவர்களைப் பார்த்தால் கணக்கு கெட்டுவிடுமாம். இருதயமேரி கையெழுத்துப் போட்டாள். பிறகு சின்னக்கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் நைட்டி எடுத்துக் காட்டும் வேலைக்குப் போனாள்.

மார்கழி வந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய நாள், கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரம், நல்லுசாமி ஞாபகம் வந்து போனைக் கையில் எடுத்தாள். நம்பர் மனப்பாடமாகவே இருந்தது. கையெழுத்துப் போட்ட பேப்பரும் ஞாபகம் வந்தது. போன வருஷம் ஒட்டிய சீட்டு டப்பா மேலேயே இருக்கும், அவர் விவரமான மனுஷர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனை வைத்துவிட்டாள். அதிகமாகக் கேள்வி கேட்பவள் என்று பேர் வாங்கியவள், கேட்டிருக்க வேண்டிய ஒரு நாளில் ஒழுங்காக நடந்துகொண்டாள்.

மார்ச் மாதம் டாக்டர் பீமராவிடமிருந்து போன் வந்தது.

"மேரிம்மா, ஒரு சிக்கல். கால் சிஸ்டம் பிரமாதமா ஓடுது. நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேர் மாத்திரை போடுறாங்க. எட்டு மாசத்துல ஒருத்தர்கூட என் லைனுக்கு வர வேண்டிய தேவையே ஏற்படலை. ஆனா ரத்தம் எடுத்துப் பார்த்தா சர்க்கரை ஏறிக் கிடக்கு. கலையரசன் கணக்குப் போட்டுட்டாரு. மாத்திரைக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்லைன்னு வருது. இந்த மாத்திரையே வேலை செய்யலைன்னு ஒரு கட்டுரை எழுதப் போறோம். அதுக்கு முன்னாடி காரணம் தெரியணும். வீடு வீடாப் போய்ப் பார்க்க ஒரு நல்ல ஆள் வேணும்."

இருதயமேரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜவுளிக்கடையில் நைட்டி பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். வீடு வீடாகப் போவது தேவையில்லை என்று நிரூபித்துவிட்டு, ஏன் நிரூபணம் பலிக்கவில்லை என்று பார்க்க வீடு வீடாகப் போக வேண்டுமாம். இருந்தாலும் ஒப்புக்கொண்டாள். அந்தத் தெருக்களை அவள் மனசு தேடிக்கொண்டுதான் இருந்தது.

புதுப் படிவம் அச்சடித்துக் கொடுத்தார்கள். 'மாத்திரை பலன் தராததற்குக் காரணம்: 1. மரபணு 2. உணவு 3. மாத்திரையின் தரம் 4. பிற.'

முதல் நாள் காலை நேராகப் பாப்பாயி வீட்டுக்குப் போனாள். கையை நீட்ட வேண்டிய தேவையே ஏற்படவில்லை. பாப்பாயி தானாகவே அரிசி டின்னைத் திறந்து காட்டினாள். பிரிக்காத மாத்திரை அட்டைகள் விளிம்பு வரை அடுக்கியிருந்தன.

"அப்ப தினமும் ஒண்ணு அழுத்துனது?"

"ஒண்ணு அழுத்தாட்டி அது மணிக்கொரு தரம் கூப்புடுதே மேரிம்மா. யாவாரத்தைப் பார்ப்பனா, போனைப் பார்ப்பனா? உன் குரலு கேட்டா சந்தோஷமாத்தான் இருக்கும். ஒண்ணை அழுத்திப்புட்டு வச்சிருவேன். அது என்ன, கொல்லைக்கு வந்து பார்க்கவா போவுது?"

சிரித்துக்கொண்டேதான் இருதயமேரி கடைசி வீட்டுக்கு நடந்தாள். படிவத்தோடு கொடுத்த பட்டியலில் நல்லுசாமி பேருக்கு நேராக, எட்டு மாசமும் நூற்றுக்கு நூறு என்று இருந்தது. ரத்தம் கொடுக்க மட்டும் வரவில்லை என்று ஒரு சின்னக் கோடு. இவர் ஒருத்தராவது உண்மையிலேயே போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்த பவித்ரா அவளைப் பார்த்ததும் விலகி வழி விட்டாள். உள்ளே சுவரில் நல்லுசாமியின் படம். கண்டக்டர் யூனிபார்மில் எடுத்தது. மாலை போட்டிருந்தது.

இருதயமேரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எப்பம்மா?"

"வைகுண்ட ஏகாதசிக்கு விழுந்தாரு. ஆஸ்பத்திரியில நாலு நாள் கிடந்தாரு." பவித்ரா எதிரில் உட்கார்ந்து முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "காலையில கோயில்ல நிக்கும்போது உங்க போன் வந்திருக்கு. போடலைன்னு ரெண்டை அழுத்தியிருக்காரு. அவர்தான் பொய் சொல்ல மாட்டாரே. ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்பவும் வந்திருக்கு. வீட்டுக்கு வந்தப்புறம் என்கிட்ட சொன்னாரு. போன வருஷம் போட வேண்டாம்னு சொன்ன மேரிம்மாவே இந்த வருஷம் ரெண்டு வாட்டி கேக்குது, டாக்டர் மாத்திச் சொல்லியிருப்பாரு போலிருக்கு, சட்டைப் பையில இருந்துச்சு, போட்டுட்டேன்னாரு. மத்தியானம் வேர்த்துக் கொட்டுச்சு. விரதக் களைப்புன்னு படுக்க வச்சேன். சாயங்காலம் எழுப்பினா எழுந்திரிக்கலை. ஆஸ்பத்திரியில சர்க்கரை இருபத்தெட்டுதான் இருக்குன்னாங்க."

நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் போடாமலே ஒன்றை அழுத்திக்கொண்டிருந்த ஊரில், போட்டுவிட்டு அழுத்திய ஒரே மனுஷர். வேலை செய்யவில்லை என்று கட்டுரை எழுதப்போகும் அந்த மாத்திரை அவரிடம் மட்டும் சொன்ன வேலையைச் செய்துவிட்டது. ஏகாதசிக்கு முந்தைய நாள் மத்தியானம் கையில் எடுத்து வைத்துவிட்ட போன் இருதயமேரியின் கண் முன்னாலேயே நின்றது. "நான் சொல்லியிருக்கணும் பவித்ரா. போனை எடுத்தேன். சொல்லாம வச்சுட்டேன்," என்று சொல்லி அழுதாள். அவளுக்கு அழ வெட்கமாகவும் இருந்தது, அழாமல் இருக்கவும் முடியவில்லை.

அப்போது அலமாரியில் ஒரு போன் அடித்தது. பவித்ரா பழக்கத்தில் எழுந்துபோய் எடுத்தாள். வணக்கம், மேரியம்மா பேசுறேன் என்று ஆரம்பித்தது. பவித்ராவின் விரல் ஒன்றின் மேல் போனது.

"இதை யாரும்மா தினமும் எடுக்கிறது?"

"நான்தான். காஸ் புக் பண்றது, பேங்க் எல்லாம் மாமா நம்பர்லதான் இருக்கு, அதனால சார்ஜ் போட்டு வச்சிருக்கோம். ஒண்ணை அழுத்தினா அன்னிக்கு அப்புறம் வராது."

இருதயமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். போனை வாங்கி இரண்டை அழுத்தினாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். "நான் இங்கேயே கொஞ்ச நேரம் இருக்கேன். உனக்கு வேலை இருந்தா பாரு."

ஒரு மணி நேரம் கழித்து அடித்தது. தன் குரலைத் தானே கடைசி வரை கேட்டுவிட்டு இரண்டை அழுத்தினாள். பவித்ரா டீ போட்டுக் கொடுத்தாள். அது ஆறிப்போய் ஆடை கட்டியது. பட்டியலில் அன்றைக்குப் பார்க்க வேண்டிய வீடுகள் இன்னும் பதினொன்று இருந்தன. அவள் நகரவில்லை. இன்னொரு மணி நேரம் கழித்து மூன்றாம் முறை அடித்தது. மூன்றாம் முறையும் இரண்டு.

கொஞ்ச நேரம் ஏதோ ஒரு பாட்டு ஓடியது. பிறகு டாக்டர் பீமராவின் குரல் வந்தது. எட்டு மாசத்தில் முதல் முறையாக ஒருவர் லைனுக்கு வந்திருக்கிற உற்சாகம் அதில் இருந்தது.

"நல்லுசாமிங்களா? டாக்டர் பேசுறேன். ஒரு நாள் தவறாம போட்டுக்கிட்டிருந்த ஆளாச்சே நீங்க. இன்னிக்கு ஏன் போடலை?"

"நல்லுசாமி ஐயா செத்து எழுபத்தோரு நாள் ஆச்சு சார்."

"யாரு பேசுறது?"

"மேரிதான் சார். தினமும் அவருக்கு போன் பண்றது நான்தானே."

பேப்பர் புரட்டும் ஓசை கேட்டது. பட்டியலில் நல்லுசாமியின் வரியைத் தேடுகிறார் என்பது இருதயமேரிக்குப் புரிந்தது.

"எழுபத்தோரு நாளா? அப்ப இங்க வந்திருக்கிற ஒண்ணெல்லாம் யாரு அழுத்தினது மேரிம்மா?"

"அதை அப்புறம் கேளுங்க சார்," என்றாள் இருதயமேரி. "அவர் எப்படிச் செத்தாருன்னு முதல்ல கேளுங்க."